இரண்டாவது செட்டுக்கு ஓர் ‘ஆய்த்து’

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் கையில் ஒரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்திருப்பார்கள். ஆல்கஹால் பட்டாலும் அழியாத மை. அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மறந்துவிடாதீர்கள். செல் வளர்ப்பு அறையில் உங்களைக் காப்பாற்றப் போவதும் மாட்டிவிடப் போவதும் அதுதான்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் செல் வளர்ப்புப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, அதே பிரிவில் தொழில்நுட்ப அதிகாரியாக ஓய்வு பெற்றவள். எதிலும் தேதி எழுதாமல் எனக்குக் கை ஓடாது. வீட்டு ஊறுகாய் ஜாடியிலும் தேதி இருக்கும். ஒருமுறை பெரிய ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும்போது ஒரு குப்பி கிடைத்தது. அதன் மேல் ‘புதுசு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் மேல் இரண்டு விரற்கடைப் பனி. எந்த வருஷத்துப் புதுசு என்று அங்கிருந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதை எழுதியவர் அதற்குள் வேறு ஊரில் பேராசிரியர் ஆகியிருந்தார். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் காலத்தின் பெரும்பகுதியை ஓட்டினேன். தேதியும் நேரமும் சரியாக எழுதுகிறவளுக்குத் தவறு நேராது என்று உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை உடைந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது.

முதலில் என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நொதிகள் வேலை செய்கின்றன. ஒன்று சர்க்கரையை உடைக்கும், ஒன்று கொழுப்பைக் கட்டும், ஒன்று புரதத்தின் துண்டுகளை மாற்றும். ஒரு காலத்தில் அறிஞர்கள் உடம்பை இயந்திரமாகவும் உணவை எரிபொருளாகவும் நினைத்தார்கள். இயந்திரத்தின் பாகங்கள் அப்படியே இருக்கும், எரிபொருள் மட்டும் வந்து வந்து போகும் என்பது அவர்கள் எண்ணம். அடையாளமிட்ட உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பாகங்களும் ஓயாமல் மாறுகின்றன என்று தெரிந்தது. செல் ஒரு நொதியைச் செய்கிறது, சில மணி நேரமோ சில நாளோ வைத்துக்கொள்கிறது, பிறகு தானே உடைத்து அதன் துண்டுகளை வேறு எதற்கோ எடுத்துக்கொள்கிறது. உடைக்கிற அதே நேரம் இன்னொரு பக்கம் புதிதாகச் செய்துகொண்டும் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அளந்து பார்த்தால் நொதியின் அளவு காலையிலும் மாலையிலும் ஒன்றாகவே இருக்கும். காலை எட்டரை மணி மெட்ரோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீராம்புரத்தில் பார்த்தாலும் பெட்டி நிறையக் கூட்டம், மெஜஸ்டிக்கில் பார்த்தாலும் பெட்டி நிறையக் கூட்டம். அதே ஆட்களா? ஏறினவர்கள் எத்தனை, இறங்கினவர்கள் எத்தனை என்று கூட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆளை ஏற விடாமல் இறங்க மட்டும் விட்டால் தெரிந்துவிடும். பெட்டி எவ்வளவு வேகத்தில் காலியாகிறதோ அதுதான் இறங்கும் வேகம். செல்லில் அப்படி ஏறும் கதவை மூட ஒரு மருந்து இருக்கிறது. அது புதுப் புரதம் செய்வதை நிறுத்திவிடும், உடைப்பது பாட்டுக்கு நடக்கும். மருந்து போட்ட பிறகு செல் வளரும் வட்டக் கிண்ணங்களை மணிக்கு ஒரு டிஷ்ஷாக எடுத்து அளந்தால் நொதியின் ஆயுள் கிடைத்துவிடும்.

எங்கள் பிரிவில் ஷஹீனா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். பிரேசர் டவுன் பெண், வீட்டில் பேச்சு தமிழ். யாரிடம் எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் ஒரு கிண்டல் இருக்கும். அவள் எடுத்துக்கொண்ட நொதி எலியின் கல்லீரல் செல்லில் உள்ளது, மிகச் சீக்கிரம் உடைகிற ரகம். ஆனால் அந்த நொதி எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ, அந்தப் பொருளை நிறையக் கொடுத்தால் நொதி செல்லுக்குள் அதிக நேரம் தங்குகிறது. கையில் வேலை இருக்கிற நொதியைச் செல் உடைப்பதில்லை, வேலை இல்லாமல் நிற்பதைத்தான் உடைக்கிறது. (ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு இந்த ஆராய்ச்சி அவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.)

ஷஹீனாவின் கேள்வி, எவ்வளவு அதிக நேரம் தங்குகிறது என்பது. அதற்கு இரண்டு செட் டிஷ்கள். முதல் செட்டுக்கு அந்தப் பொருள் கிடையாது. இரண்டாவது செட்டுக்கு முந்தைய மாலையே அந்தப் பொருளைச் சேர்த்துவிடுவோம், காலைக்குள் நொதியின் அளவு ஏறி நிலைத்துவிடும். பிறகு இரண்டுக்கும் மருந்து.

முதல் இரண்டு முறை செய்தபோது முதல் செட்டில் நொதி மடமடவென்று குறைந்தது. இரண்டாவது செட்டில் மெதுவாகக் குறைந்தது, ஆனால் புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக ஆடின. “செல் சரியில்லை” என்றார் எங்கள் பேராசிரியர். எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். செல் வளர்த்தவள் நான். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது முறைக்கு நானே கூட நின்று எல்லாம் செய்கிறேன் என்றேன்.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. ஷஹீனா பக்கத்துக் கட்டடத்தில் அளவெடுக்கும் கருவியைத் தயார் செய்யப் போயிருந்தாள். நான் கண்ணாடித் தடுப்பு வைத்த ஹூட்டுக்கு முன் உட்கார்ந்து முதல் செட்டுக்கு மருந்தைப் போட்டு, பத்து இருபத்தைந்து என்று எழுதினேன். இரண்டாவது செட்டுக்கான மருந்து தனிச் சின்னக் குப்பியில் ஐஸ் மேல் இருந்தது. மூடியில் அன்றைய தேதியும் ‘செட் 2’ என்பதும் என் கையெழுத்தில். அப்போது அடுத்த அறையில் செல்களைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் கத்த ஆரம்பித்தது. வாயு சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. உள்ளே நாலு பேருடைய செல்கள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன்.

சிலிண்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போது மஞ்சுநாத் வளர்ப்பு அறை வாசலில் தெரிந்தான். எங்கள் பிரிவின் இன்னொரு தொழில்நுட்ப உதவியாளன். ராஜாஜிநகர்க் கன்னடக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என்னோடு பேசும்போது தமிழும் கன்னடமும் பாதிப் பாதி. சுத்தமான கை. ஒரே குறை, எதையும் தூக்கிப் போட மனசு வராது. உருகிய குப்பியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதே என்று மாதத்துக்கு ஒருமுறை திட்டு வாங்குவான்.

இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகக் கேட்டேன்.

“எரடனே செட்டு, மஞ்சு?”

எரடனே என்றால் இரண்டாவது. அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

“ஆய்த்து, அக்கா.”

மணி பார்த்தேன். பத்து நாற்பது. திரும்பி வந்து இரண்டாவது செட் தட்டின் மேல் டேப் ஒட்டி ‘10.40’ என்று எழுதி இன்குபேட்டருக்குள் வைத்தேன். லாக்புக்கில் ‘செட் 2, மருந்து சேர்த்தது, 10.40’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த வரி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு அழகான கையெழுத்து.

இரண்டு நாளில் முடிவு வந்தது. முதல் செட் வழக்கம்போல் சரிந்தது. இரண்டாவது செட் சரியவே இல்லை. நாலு மணி நேரமும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே நேர்க்கோடு. சார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்திக் காட்டினார். “குறைவா உடையுதுன்னு நினைச்சோம். உடையவே இல்ல பாருங்க! வேலை இருக்கிற வரைக்கும் தொடவே மாட்டேங்குது!” முந்தைய இரண்டு முறையும் கோடு ஆடியது செல்லின் குறை என்று முடிவாயிற்று. இந்த முறை செல்லை வளர்த்த எனக்குப் பாராட்டு. ஷஹீனாவின் ஆய்வேட்டுக்கு அந்தக் கோடுதான் நடு வரைபடம் என்றும் முடிவாயிற்று.

அவ்வளவு நேரான கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாராட்டு அப்போதுதான் கிடைத்திருந்தது.

ஆறு வாரம் போயிற்று. ஷஹீனா ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேச வேண்டிய செமினார் ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் சம்மதித்தால்தான் ஆய்வேடு. ஆய்வேடு முடிந்தால்தான் ஜூலையில் வெளிநாட்டில் அவளுக்காகக் காத்திருந்த வேலை. அந்தத் தேர்வாளரின் தேதி மறுபடி கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று சாருக்கே தெரியாது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நானும் ஷஹீனாவும் கேன்டீனுக்குப் போனோம். “எரடு காபி” என்றேன். கேன்டீன்காரர் “ஆய்த்து” என்றார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். காபி வரவில்லை.

“ஆய்த்துன்னு சொல்லிப் பத்து நிமிஷம் ஆச்சு. காபி எங்கடி?”

“அக்கா, அவரு இப்பதான் பால் பாக்கெட்டையே கிழிக்கிறாரு.”

“அப்புறம் எதுக்கு ஆய்த்துன்னாரு?”

“சரின்னாரு. நீங்க முடிஞ்சுதுன்னு கேட்டுக்கிட்டீங்க. மல்லேஸ்வரத்துல, கன்னடக்காரங்க நடுவுல பொறந்துட்டு பிரேசர் டவுன்காரிகிட்ட கன்னடம் கத்துக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிறந்தது முதல் கேட்கிற வார்த்தை. கேள்வியாக ‘ஆயிற்றா’ என்று கேட்டால் ‘ஆயிற்று’. ஒரு வேலையைச் சொன்னால் ‘ஆகட்டும், செய்கிறேன்’. நான் மஞ்சுநாத்திடம் எதைக் கேட்டேன்? போட்டாயா என்று கேட்டேனா, போடு என்று சொன்னேனா? இரண்டும் இல்லை. ‘எரடனே செட்டு’ என்று மட்டும் சொன்னேன். வினைச்சொல்லே இல்லாத ஒரு கேள்வி. என் மனசில் ‘போட்டாயா’ இருந்தது. அவன் காதில் ‘போட்டுவிடு’ விழுந்திருந்தால்?

“காபி வந்தா நீ குடி” என்று எழுந்துவிட்டேன்.

“ரெண்டையுமா?”

ஃப்ரீசரில் மருந்துக் குப்பிகள் வைக்கிற பெட்டியை எடுத்தேன். மூன்றாவது வரிசையில் அந்தக் குப்பி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி, ‘செட் 2’, என் கையெழுத்து. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்துக்கு நீங்களும் ஒருநாள் வருவீர்கள். ஃப்ரீசர் கதவு திறந்தபடி, விரல் மரத்துப்போய் நான் நின்ற அந்த அரை நிமிஷத்தில் எனக்கு வந்த யோசனைகள் எல்லாம் மிகவும் நாகரிகமானவை. இது வேறு குப்பியாக இருக்கலாம். இரண்டு குப்பிக்கு ஒரே லேபிள் ஒட்டியிருப்பேன். உறுதியாகத் தெரியாததைச் சொல்லி ஒரு பெண்ணைச் செமினாருக்கு மூன்று நாளைக்கு முன் கலவரப்படுத்துவது நியாயமா? திங்கட்கிழமை முடியட்டும், நிதானமாகச் சரிபார்க்கலாம். ஒன்றுகூடப் பொய் சொல்லச் சொல்லவில்லை பாருங்கள். கொஞ்சம் தள்ளிப்போடத்தான் சொன்னன. நான் ஒரே லேபிளை இரண்டு குப்பிக்கு ஒட்டுகிறவளா? என்னைத் தெரிந்த எவரும் அதை நம்ப மாட்டார்கள். அதனால் என்னாலும் நம்ப முடியவில்லை.

மஞ்சுநாத் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“மஞ்சு, அன்னைக்கு சிலிண்டர் தீந்துபோச்சே, அப்போ ரெண்டாவது செட்டுக்கு மருந்து போட்டது யாரு?”

“நீங்கதானே அக்கா.”

“நான் இல்ல. நீ போட்டேன்னு சொன்னியே.”

“நானா? யாவாக?”

எப்போது என்று கேட்கிறான். “ஜன்னல் வழியா கேட்டேன். ஆய்த்துன்ன.”

அவன் கை தண்ணீருக்கடியில் அப்படியே நின்றது. “ஆய்த்து அந்த்ரே… மாட்தீனி அந்த அக்கா.” ஆய்த்து என்றால் செய்கிறேன் என்று. “அப்ப கீழ சிலிண்டர் கொண்டு வந்தவன் கூப்பிட்டான். கையெழுத்து போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்தேன். வந்தா தட்டு இன்குபேட்டர்ல இருக்கு, மேல நீங்க டைம் எழுதியிருக்கீங்க. நீங்க டைம் எழுதினா ஆச்சுன்னு தானே அர்த்தம்? குப்பி ஐஸ்ல சும்மா இருந்தது. மிச்சமோ என்னமோ, வீணாகுமேன்னு…”

“ஃப்ரீசர்ல வெச்ச.”

“திட்டாதீங்க அக்கா.”

திட்டவில்லை. அவனுடைய அந்தக் கெட்ட பழக்கம் இல்லையென்றால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. நீங்க டைம் எழுதினா ஆச்சுன்னு தானே அர்த்தம். நான் அவன் வார்த்தையை நம்பி எழுதினேன், அவன் என் எழுத்தை நம்பி விட்டுவிட்டான். நேரம் எழுதும் பழக்கம் இல்லாத ஒருத்தி அங்கே இருந்திருந்தால் அவன் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.

லாக்புக்கை எடுத்தேன். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதினேன்: ‘10.40, கேட்டது. பார்க்கவில்லை.’ கீழே அன்றைய வெள்ளிக்கிழமையின் தேதி, நாலு மணி ஐந்து நிமிஷம், கையெழுத்து. அதன் பிறகுதான் ஷஹீனாவிடம் போனேன்.

அவள் கேன்டீனிலிருந்து திரும்பி ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த நேர்க்கோடு. குப்பியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குப்பியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

“மருந்தே போடலன்னா இது நேராத்தானே இருக்கும்” என்றாள் மெதுவாக. “உடையுறது உடையுது, புதுசா வர்றது வருது. ஒண்ணுமே நடக்கலன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.”

“ஆமா.”

“திங்கக்கிழமை சாயங்காலம் சொல்லியிருக்கலாமே அக்கா.”

நான் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே தொடர்ந்தாள்.

“அப்படிச் சொல்லியிருந்தா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன். ஆனா இப்பச் சொன்னதுக்கும் கோவமாத்தான் இருக்கு. அதையும் தெரிஞ்சுக்கோங்க.”

“கோவப்படு. நடந்துக்கிட்டே கோவப்படு. சார் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாரு.”

சார் நாங்கள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். இவ்வளவு பெரிய தவறை எப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்பார் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“இப்ப மணி என்ன?”

“நாலே கால் சார்.”

“செல் இருக்கா?”

“நம்மது இல்ல. பக்கத்து லேப்ல அதே செல் பதினாறு டிஷ் இருக்கு. கேட்டா தருவாங்க.”

“போய்க் கேளுங்க.” பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “முதல் ரெண்டு தடவையும் செல் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நமக்குப் பிடிக்கல, செல் மேல பழி போட்டோம். மூணாவது தடவை பிடிச்ச மாதிரி வந்ததும் நான் தாழ்வாரத்துல டான்ஸ் ஆடினேன். என்னை யாராவது வீடியோ எடுத்தாங்களா?”

“இல்ல சார்.”

“அது ஒரு நிம்மதி.”

பக்கத்து லேப்காரர்கள் பதினைந்து டிஷ் கொடுத்தார்கள். செட்டுக்கு ஐந்தாகப் பத்துப் போதுமே என்றேன் ஷஹீனாவிடம். அவள் போதாது என்று தலையாட்டினாள்.

“மூணு செட் அக்கா. ஒண்ணு, பொருள் இல்லாம மருந்தோட. ரெண்டு, பொருளும் மருந்தும். மூணு, பொருள் மட்டும், மருந்து கிடையாது.”

“மூணாவது எதுக்கு?”

“அதுதான் நாம பண்ணின தப்பு. தப்பையே ஒரு தடவை வேணும்னே பண்ணிப் பாக்கணும். இது பழைய கோடு மாதிரியே நேரா வந்தாத்தான் அன்னைக்கு மருந்து விழலன்னு நிச்சயம். இல்லன்னா இந்தக் குப்பிய மட்டும் வெச்சுக்கிட்டு நான் எதையும் மாத்த மாட்டேன்.”

நான் ஆறு வாரத்துக்கு முந்தைய தவறிலேயே நின்றுகொண்டிருந்தேன். இவள் அதைத் தூக்கி ஒரு பரிசோதனையாக மாற்றிவிட்டாள். இருபத்தெட்டு வயதில் எனக்கு அந்தப் புத்தி இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பொருளைச் சேர்த்தாயிற்று. சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஒரே அறையில். வாசலில் ஷஹீனா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: ‘இந்த அறையில் ஆய்த்து என்று சொல்லக் கூடாது.’ ஒருவர் மருந்து போட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்தவர்தான் நேரம் எழுதலாம். போட்டவர் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மஞ்சுநாத்துக்கு அது பெரிய தண்டனையாகிவிட்டது. “மஞ்சு, அந்த ஐஸை நகத்து” என்றால் “ஆய்…” என்று ஆரம்பித்து விழுங்குவான், பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து, “நான் ஐஸை இப்போ நகத்துறேன் அக்கா” என்பான். மூன்றாவது தடவை ஷஹீனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹூட்டுக்கு முன் சிரிக்கக் கூடாது என்று வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். முந்தின நாள் கோபம் அதோடு போயிருக்க வேண்டும்.

“ரெண்டாவது செட், அஞ்சாவது டிஷ், நான் மருந்து போட்டுட்டேன்” என்றான் அவன்.

“நான் பாத்தேன்” என்றேன். பிறகு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. முதல் செட் வழக்கம்போல் சரிந்தது. இரண்டாவது செட்டும் சரிந்தது, ஆனால் மிக மெதுவாக, ஒரே சீரான சாய்வு. மூன்றாவது செட் நேராகப் போயிற்று. ஷஹீனா பழைய வரைபடத்தை அதன் மேல் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

“போச்சு, உடையவே இல்லைங்கிற கதை போச்சு” என்றாள். ஆனால் அவள் முகம் வாடவில்லை. மூன்று கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இது அதைவிட நல்லா இருக்கு. மூணாவது கோட்டைப் பாத்தா உள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. ஏறுற கதவை மூடினா ரெண்டாவது கோடு. அப்போ அந்த நேர்க்கோடு சும்மா நிக்கல. உள்ள அவ்வளவு வேலை நடக்குது.”

திங்கட்கிழமை பதினோரு மணி. தேர்வாளர் ஒல்லியான அம்மாள், சிரிப்பதில்லை என்று பெயர் எடுத்தவர். மூன்று கோடுகள் உள்ள ஸ்லைடு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மூன்றாவது செட் இல்லாமல் இந்த வாதம் நிற்காது. நல்ல திட்டம். யார் யோசித்தது?”

சார் வாயைத் திறந்தார். அதற்குள் ஷஹீனா சொல்லிவிட்டாள்.

“முதல்ல யாரும் யோசிக்கல மேடம். ஒரு தடவை மருந்து போடாம விட்டுட்டோம். போட்டதா நினைச்சு ஆறு வாரம் தப்பான முடிவைச் சொல்லிட்டு இருந்தோம். அது தெரிஞ்ச பிறகு வேணும்னே செஞ்சு பாத்தோம்.”

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“எப்போது தெரிந்தது?”

“வெள்ளிக்கிழமை.”

“எந்த வெள்ளிக்கிழமை?”

“போன… மூணு நாள் முன்னால மேடம்.”

அந்த அம்மாள் அந்த மூன்று கோடுகளை இன்னொரு முறை பார்த்தார். மற்ற ஸ்லைடுகளுக்குப் போகச் சொன்னார். முக்கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். ஷஹீனா தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள். கடைசியில் அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, “ஆய்வேட்டை எழுதலாம்” என்றார். “ஒரு நிபந்தனை. செய்முறை அத்தியாயத்தில் அந்தத் தவறு இருக்க வேண்டும். எப்படி நேர்ந்தது, யார் செய்தது, எப்படித் தெரிந்தது.”

யார் செய்தது என்பதில்தான் சண்டை வந்தது. லாக்புக்கில் எழுதியது என் கை, என் பெயரைப் போடு என்றேன். “வார்த்தை சொன்னது நான். என் பேரு ஹாகி” என்றான் மஞ்சுநாத். தன் பெயரைப் போடச் சொல்லி ஒருவன் இவ்வளவு அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. “எக்ஸ்பெரிமென்ட் என்னுது. அந்த நேரத்துல நான் அங்க இருந்திருக்கணும். நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றாள் ஷஹீனா. சத்தம் கேட்டு சார் வந்தார்.

“எதுக்குச் சண்டை? ‘மருந்து சேர்க்கப்படவில்லை’ன்னு எழுதும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. யார் பேரும் வேண்டாம்.”

ஷஹீனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“வேண்டாம் சார். அன்னைக்கு நடந்ததே அதுதான். அக்கா தான்தான் போட்டேன்னு நினைக்கல, மஞ்சுவும் தான்தான் போட்டேன்னு நினைக்கல. ‘சேர்க்கப்பட்டது’ன்னு எல்லாரும் நினைச்சோம். யாரும் போடல.”

அவள் திரும்பி உட்கார்ந்து தட்டினாள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள், அந்த அத்தியாயம் இப்போதும் நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இந்தப் பரிசோதனையில் இரண்டாவது செட்டுக்கு நாங்கள் மருந்து சேர்க்கவில்லை. சேர்த்ததாக நாங்கள் குறித்துக்கொண்டோம்.’

மஞ்சுநாத் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கச் சொன்னான். படித்துக் காட்டினாள். ‘நாங்கள்’ என்பதில் தானும் உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள். அவன் ஒருமுறை என்னைப் பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்ப ஸ்பெல்லிங்கெல்லாம் சரியா பாரும்மா” என்றான்.